மோல்டிங் மிஷின் விபத்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ஜெக்‌ஷன் மோல்டிங் (பிளாஸ்டிக்கை உருக்கி மோல்டு என்ற அச்சுக்குள் செலுத்தி வார்ப்பது) நடக்கும் இடங்களில் ஆப்பரேட்டர், செட்டர் (மோல்டை மாட்டி மிஷினைச் சரிசெய்பவர்), மெயின்டனன்ஸ் ஆட்கள் எல்லோருமே ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். வால்வு, சுவிட்ச், பட்டன் எல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். அதனால் இதைப் படித்த கையோடு உங்கள் மிஷினுடன் வந்த கையேட்டையும் பிரித்துப் பாருங்கள்.

மோல்டிங் மிஷின்ல அடிபடுறதுன்னா மோல்டுல கை நசுங்குறதுதானே? வேற என்ன இருக்கு?

மோல்டு மூடும் இடம்தான் மிகக் கொடியது. சின்ன மிஷின் என்று சொல்லப்படும் 100 டன் மிஷின்கூட 100 டன் விசையோடு மூடுகிறது. எலும்பு அதற்கு ஒரு தடையே இல்லை. ஆனால் ஆபத்து அந்த ஓர் இடத்தோடு நிற்பதில்லை. நாசில் (பிளாஸ்டிக் மோல்டுக்குள் பாயும் முனை) பக்கம் உருகிய பிளாஸ்டிக் தெறிக்கும். மெட்டீரியல் கொட்டும் ஹாப்பருக்குக் கீழே, அதை முன்னே தள்ளும் ஸ்க்ரூ விரலை வெட்டும். பின்பக்கம் டாகிளும் (மோல்டை மூடிப் பூட்டும் மடிப்பு இணைப்பு) எஜெக்டரும் (வார்த்த பீஸை வெளியே தள்ளும் பகுதி) கையைப் பிடிக்கும். ஹோஸில் அழுத்தத்தோடு ஆயில் ஓடுகிறது, ஹீட்டர் டெர்மினலில் மின்சாரம் இருக்கிறது. பக்கத்தில் கழிவுப் பிளாஸ்டிக்கை அரைக்கும் கிரைண்டர் தனி ஆபத்து.

இதற்கெல்லாம் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. மிஷின் ஒழுங்காக ஓடும்போது யாருக்கும் கையை உள்ளே விடும் தேவை வருவதில்லை. பீஸ் ஒட்டிக்கொள்ளும்போது, நாசில் அடைக்கும்போது, மெட்டீரியல் இறங்காதபோது, மோல்டு மாற்றும்போதுதான் கை உள்ளே போகிறது. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்த நேரங்களைப் பற்றியவைதான்.

சேஃப்டி டோரைத் திறந்தா மிஷின் தானா நின்னுடுதே, அப்புறம் எப்படி கை மாட்டுது?

ஹைட்ராலிக் மிஷின்கள் பலவற்றில் முன்கதவோடு மூன்று காவல்கள் இணைந்திருக்கும். முதலாவது மின்சாரக் காவல்: கதவு திறந்ததும் லிமிட் ஸ்விட்ச்கள் மூடும் கட்டளையைத் துண்டிக்கும். இரண்டாவது ஹைட்ராலிக் காவல்: கதவு அசைந்ததும் ஒரு வால்வு, மோல்டை மூடும் ஆயில் வழியை அடைக்கும். மூன்றாவது இரும்பாலான டிராப் பார்: கதவு திறந்ததும் அது கீழே விழுந்து, நகரும் பிளாட்டனை (மோல்டு பொருத்திய தட்டு) நேரடியாக மறிக்கும். ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டும் காப்பாற்றும் என்பது கணக்கு. புதிய எலெக்ட்ரிக் மிஷின்கள் சிலவற்றில் டிராப் பார் இருக்காது. அங்கே ஒன்றையொன்று கண்காணிக்கும் இரட்டைச் சுற்றுகள் மோட்டாரின் விசையைத் துண்டிக்கின்றன.

விபத்து நடந்த மிஷின்களைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இந்தக் கணக்கு முன்பே உடைந்திருக்கும். லிமிட் ஸ்விட்சைக் கம்பியால் கட்டியிருப்பார்கள். சென்சார் மேல் காந்தம் ஒட்டியிருக்கும். கட்டியதை அவிழ்க்க மறந்து மூன்று ஷிப்ட் கடந்திருக்கும். டிராப் பார் விஷயம் இன்னும் நுணுக்கமானது. மோல்டின் தடிமனோ திறக்கும் தூரமோ மாறினால், திருகி நீளம் சரிசெய்யும் வகை பாரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் பார் விழுந்தும் பிளாட்டனுக்கு எட்டாமல் நிற்கும். நடுவில் உள்ள அந்த இடைவெளி முழுக்கப் பிளாட்டன் வேகம் பிடித்து ஓடலாம். மோல்டு மாற்றிய பிறகு இதைப் பார்க்காமல் முதல் ஷாட் (ஒருமுறை வார்ப்பது) எடுக்கவே கூடாது.

இந்தக் காவல் எல்லாம் வேலை செய்யுதான்னு ஷிப்ட் ஆரம்பத்துல நாங்களே பார்க்க முடியுமா?

முடியும், ஐந்து நிமிட வேலை. மேனுவல் மோடில் மோல்டைத் திறந்து வையுங்கள். முன்கதவைத் திறந்து, கை இரண்டையும் வெளியே வைத்துக்கொண்டு, மோல்டு மூடும் பட்டனை அழுத்துங்கள். எதுவும் அசையக் கூடாது. டிராப் பார் தயங்காமல் முழுதாக விழுந்திருக்கிறதா, எங்காவது கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, மெதுவான வேகத்தில் மோல்டு மூடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறங்கள். பிளாட்டன் உடனே நிற்க வேண்டும். பின்கதவையும் இதேபோலச் சோதியுங்கள். பல மிஷின்களில் பின்கதவு திறந்தால் பம்ப் மோட்டாரே நின்றுவிடும். நாசில் மேலுள்ள பர்ஜ் கார்டைத் (உள்ளே மிச்சமுள்ள பிளாஸ்டிக்கை வெளியேற்றும்போது, அதாவது பர்ஜ் செய்யும்போது, தெறிப்பதைத் தடுக்கும் மூடி) தூக்கினால் இன்ஜெக்‌ஷன் நகரக் கூடாது. கடைசியாக எமர்ஜென்சி சுவிட்ச்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள்.

இந்தச் சோதனை மூன்று காவலும் சேர்ந்து நிறுத்துகின்றன என்பதைத்தான் காட்டும். ஒவ்வொன்றும் தனியாக நிறுத்துமா என்பதை மெயின்டனன்ஸ் ஆள்தான், கையேட்டில் சொன்ன முறைப்படி, குறிப்பிட்ட கால இடைவெளியில் பார்க்க வேண்டும். மின்சாரக் காவல் நன்றாக இருப்பதாலேயே ஹைட்ராலிக் வால்வு மாதக்கணக்கில் சிக்கிக் கிடப்பது வெளியே தெரியாமல் போகும்.

பீஸ் மோல்டுல ஒட்டிக்கிச்சு. கதவு திறந்துதான் இருக்கு, டக்குன்னு கையால பிடுங்கிடலாம்ல?

கதவு திறந்தால் மோல்டு மூடாது என்பது சரி. ஆனால் எஜெக்டரும் கோரும் (பீஸில் குழியை உண்டாக்கும் நகரும் பகுதி) அப்படியே நிற்குமா என்று உங்கள் மிஷினில் பார்த்தீர்களா? சில பழைய மிஷின்களில் கதவு திறந்திருந்தாலும் எஜெக்டர் நகரும். எஜெக்டர் பிளேட்டுக்குப் பின்னால் விரல் போனால் நசுங்கிவிடும். காற்றில் இயங்கும் கோர் என்றால், ஒட்டியிருந்த பீஸ் விடுபட்ட அந்த நொடியில் தேங்கிய அழுத்தத்தால் பாயும்.

வெளியே நின்று பித்தளைக் கம்பியால் தட்டி எடுக்க முடிகிற பீஸ் என்றால் மேனுவல் மோடுக்கு மாற்றி, கதவைத் திறந்து, மோட்டாரை நிறுத்திவிட்டு எடுங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். மோல்டில் கீறல் விழும், அடுத்த ஷாட்டில் பீஸ் இன்னும் இறுக்கமாக ஒட்டும். தலையோ தோளோ மோல்டுக்குள் போக வேண்டியிருந்தால், அடுத்த பதிலில் உள்ளபடி பூட்டுப் போட்ட பிறகுதான்.

எமர்ஜென்சி அழுத்திட்டா போதாதா? மெயினை ஆஃப் பண்ணி பூட்டு வேற எதுக்கு?

எமர்ஜென்சி சுவிட்ச் ஒரு கட்டளை மட்டுமே. அதை இன்னொருவர் விடுவிக்கலாம், அதன் சுற்றே கெட்டுப்போகலாம். மிஷினுக்குள் சேர்ந்திருக்கும் ஆற்றலும் அதை அழுத்தியதும் மறைந்துவிடாது. அக்யுமுலேட்டரில் அழுத்தத்தோடு ஆயில் இருக்கும். செர்வோ டிரைவின் கெப்பாசிட்டரில் மின்சாரம் இருக்கும். செங்குத்து மிஷினில் மேல் பிளாட்டனின் எடையே ஆபத்து. பிளாஸ்டிக்கை உருக்கும் பேரல் மணிக்கணக்கில் கொதித்துக்கொண்டிருக்கும்.

பூட்டும் வரிசை இதுதான்: மோட்டாரை நிறுத்தி மெயின் ஐசொலேட்டரை (மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆஃப் செய்து, உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பாக்கெட்டில் வையுங்கள். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. பிறகு அக்யுமுலேட்டர் அழுத்தத்தை வடித்து கேஜ் சுழியம் காட்டுகிறதா என்று பாருங்கள். காற்று லைனையும் மூடி வடியுங்கள். டிரைவ் பெட்டியின் மேல் ஒட்டியுள்ள நேரம்வரை காத்திருங்கள். செங்குத்து மிஷினில் பிளாட்டனுக்குக் கீழே முட்டுக் கொடுங்கள். கடைசியாக ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். தவறான ஐசொலேட்டரைப் பூட்டியிருந்தால் அது தெரியவருவது இங்கேதான்.

எங்களோடது ஃபுல் எலெக்ட்ரிக் மிஷின். ஆயிலே இல்ல, பயமில்லதானே?

ஆயில் ஆபத்து குறையும், நசுக்கும் ஆபத்து குறையாது. செர்வோ மோட்டார் சத்தமே இல்லாமல் நிற்கும், சத்தமே இல்லாமல் கிளம்பும். ஹைட்ராலிக் மிஷினில் பம்ப் ஓடும் சத்தம் ஓர் எச்சரிக்கை. இங்கே அதுவும் கிடையாது. கெப்பாசிட்டர் பற்றி மேலே சொன்னது இவற்றுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

கீழே பீஸ் விழுற வழியில கை விட்டா மோல்டு வரைக்கும் எட்டுது. அதுக்கும் மூடி வேணுமா?

வேண்டும். கன்வேயருக்கு விட்ட வழியை யாரும் கதவாக நினைப்பதில்லை. சிக்கிய பீஸை எடுக்கக் குனிந்து கை விடுபவருக்கு மேலே மோல்டு மூடுவது தெரியாது. கார்டுகளில் உள்ள திறப்பு பற்றிய ஐஎஸ்ஓ 13857 அளவின்படி, முழங்கை தாண்டித் தோள்வரை நுழையக்கூடிய, 120 மி.மீ. வரை உள்ள திறப்பு என்றால் ஆபத்தான பகுதி குறைந்தது 850 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். திறப்பு அதைவிடப் பெரிதானால் வழியை நீட்டி மூடுங்கள், இல்லையென்றால் கன்வேயர் நகர்ந்தாலே மிஷின் நிற்கும்படி ஒரு சுவிட்ச் வையுங்கள்.

பர்ஜ் பண்றப்ப திடீர்னு வெடிச்ச மாதிரி தெறிக்குதே, ஏன்?

பேரலுக்குள் வாயு சிக்கியிருக்கிறது. காயாத நைலான், பெட் (PET), பாலிகார்பனேட்டில் உள்ள ஈரம் ஆவியாகும். மிஷின் நின்று, மெட்டீரியல் நெடுநேரம் சூட்டிலேயே கிடந்தால் அது சிதைந்து வாயு விடும். ஹாப்பர் காலியாகி ஸ்க்ரூவில் காற்றும் புகுந்திருக்கலாம். நாசில் முனையில் உறைந்த பிளக் ஒன்று அடைத்திருந்தால் பின்னால் அழுத்தம் ஏறி, பிளக்கோடு சேர்ந்து 200 முதல் 300 டிகிரி சூட்டில் பிளாஸ்டிக் வெளியே பாயும். முன்பக்கம் வழியில்லையென்றால் பின்பக்கம் ஹாப்பர் வழியாகவும் பீய்ச்சும். அதனால் பர்ஜ் செய்யும்போது ஹாப்பருக்குள் எட்டிப் பார்க்கவே கூடாது.

நாசிலையும் பேரலையும் தாங்கும் கேரேஜைப் பின்னுக்கு எடுத்து, பர்ஜ் கார்டை மூடி, குறைந்த அழுத்தத்திலும் வேகத்திலும் தொடங்குங்கள். முகம் முழுவதும் மறைக்கும் ஷீல்டு, முழங்கைவரை வரும் வெப்பக் கையுறை, முழுக்கை பருத்திச் சட்டை வேண்டும். பாலியெஸ்டர் சட்டை உருகித் தோலில் ஒட்டும். வெளியே வந்த கட்டியின் மேல்தோல் சீக்கிரம் இறுகிவிடும், உள்ளே நெடுநேரம் திரவமாகவே இருக்கும். கையில் அழுத்தினாலோ மிதித்தாலோ உடைந்து உள்ளிருப்பது வெளியே வரும். பெரிய கட்டியாகச் சேரவிடாமல் சிறிது சிறிதாக இரும்புத் தட்டில் விழவிட்டு ஆறவிடுங்கள்.

நாசில் அடைச்சுக்கிச்சு. கேஸ் டார்ச் காட்டி இளக்கிடலாமா?

கூடாது. டார்ச் வெளிப்பக்கத்தை மட்டும் வேகமாகச் சுடவைக்கும். உள்ளே அழுத்தம் இருக்கும்போது பிளக் ஒரே நொடியில் இளகித் துப்பாக்கிக் குண்டு போலப் பாயும். முதலில் ஸ்க்ரூவைப் பின்னிழுத்து அழுத்தத்தைக் குறையுங்கள். நாசில் ஹீட்டரும் தெர்மோகப்பிளும் (வெப்பம் அளக்கும் சென்சார்) வேலை செய்கின்றனவா என்று பார்த்து, சரியான வெப்பம் வரும்வரை காத்திருங்கள். நாசிலுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. அதற்கும் மசியவில்லையென்றால் நாசிலைக் கழற்றுவது பயிற்சி பெற்ற ஆளின் வேலை. போல்ட்டை முழுதாகக் கழற்றாமல் சிறிது தளர்த்தி, அழுத்தம் வெளியேறியதா என்று பார்த்தபின்தான் அவர் மேலே போவார்.

பிவிசி ஓடின பேரல்ல அசிட்டல் போட்டா என்ன ஆகும்?

இந்த இரண்டு பிளாஸ்டிக்கையும் சூடான பேரலில் சந்திக்கவே விடாதீர்கள். பிவிசி சிதைந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். அந்த அமிலம் அசிட்டலை மிக வேகமாகச் சிதைத்து ஃபார்மால்டிஹைடு வாயுவாக்கும். பேரலில் அழுத்தம் ஏறி வெடிப்புபோல வெளியே வரலாம். வாயு கண்ணையும் மூச்சையும் எரிக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது நடுவில் பாலிஎத்திலீன் போன்ற மெட்டீரியலால் சுத்தமாகப் பர்ஜ் செய்யுங்கள், ஹாப்பர், லோடர், ரீகிரைண்ட் (அரைத்த கழிவு) மூட்டை உட்பட. அசிட்டலைத் தனியாக ஓட்டும்போதும் 230 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள், சூடான பேரலில் நிறுத்தி வைக்காதீர்கள்.

கண் எரிந்து காரமான வாடை வந்தால் ஹீட்டரை ஆஃப் செய்து, ஆட்களை வெளியேற்றிக் காற்றோட்டம் கொடுங்கள். நாசில் அடைத்து அழுத்தம் ஏறுகிறது என்று தெரிந்தால் மிஷினைக் காப்பாற்ற யாரும் அங்கே நிற்க வேண்டாம்.

உருகின பிளாஸ்டிக் கையில ஒட்டிக்கிச்சு. உரிச்சு எடுத்துடலாமா?

உரிக்காதீர்கள், தோலும் கூடவே வரும். உடனே ஓடும் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பிளாஸ்டிக் வெப்பத்தைத் தாங்கி வைத்திருப்பதால் மேலே ஆறினாலும் அடியில் சுட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு நிமிடத்தில் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டால் புண் ஆழமாகும். வீங்குவதற்குள் மோதிரம், வாட்ச், இறுக்கமான கைப்பட்டையைக் கழற்றுங்கள். பனிக்கட்டி, பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம். சுத்தமான ஈரமற்ற துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குப் போங்கள். ஒட்டிய பிளாஸ்டிக்கை அங்கே எடுப்பார்கள்.

ஹோஸ்ல இருந்து ஊசி மாதிரி ஆயில் பட்டுச்சு. சின்னப் புள்ளிதான், வலியே இல்ல. விட்டுடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். மிஷின் ஆயில் சாதாரணமாக 140 முதல் 175 பார் அழுத்தத்தில் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து, தசைநாண் உறை வழியாக விரலிலிருந்து உள்ளங்கைவரை பரவும். வெளியே ஒரு புள்ளி மட்டும் தெரியும். முதல் ஒன்றிரண்டு மணி நேரம் வலியும் இருக்காது. பிறகு வீங்கி, ரத்த ஓட்டம் தடைப்பட்டு, விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

இது அறுவைச் சிகிச்சைக்கான அவசர நிலை. காயம் சின்னது என்று கட்டுப்போட்டு அனுப்பிவிடாமல் இருக்க, ‘அழுத்தத்தோடு ஹைட்ராலிக் ஆயில் தோலுக்குள் போயிருக்கிறது’ என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு அழுத்தம் என்பதையும் சொல்லி, ஆயிலின் பாதுகாப்புத் தாளையும் கொண்டு போங்கள். அறுவை தேவைப்படலாம் என்பதால் வழியில் எதுவும் சாப்பிட வேண்டாம். கசிவைத் தேட ஒருபோதும் கையால் தடவாதீர்கள். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

கை மோல்டுக்குள்ள மாட்டிக்கிச்சுன்னா முதல்ல மெயினை ஆஃப் பண்ணணுமா?

முதலில் எமர்ஜென்சியை அழுத்துங்கள். மெயினை அவசரப்பட்டு ஆஃப் செய்ய வேண்டாம். டாகிள் பூட்டிக்கொண்ட மோல்டைத் திறக்கவே பம்ப் தேவைப்படலாம். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒருவர் அடிபட்டவரைத் தாங்கிப் பிடிக்கட்டும், ஒருவர் ஆம்புலன்சை அழைக்கட்டும், மிஷின் தெரிந்த ஒருவர் மட்டும் பேனலைத் தொடட்டும். அவர் மேனுவல் மோடில் மோல்டைத் திறக்க மட்டும் வேண்டும். எஜெக்டரோ கோரோ நகர்ந்தால் காயம் பெரிதாகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கதவு திறந்திருந்தால் பல மிஷின்களில் மோல்டு திறக்கும் அசைவும் வராது. அந்த நிலையில் எந்தச் சாவி, எந்த வால்வு என்று விபத்தின் நடுவில் தேட முடியாது. ஆள் மாட்டிக்கொண்டால் திறக்கும் முறையை மிஷின் தயாரிப்பாளரிடம் கேட்டு எழுதி, பேனலுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, ஒவ்வொரு ஷிப்டிலும் இரண்டு பேருக்காவது செய்து காட்டிப் பழக்குங்கள்.

விரல் துண்டாயிடுச்சுன்னா ஐஸ்ல போட்டு எடுத்துட்டுப் போகலாமா?

நேரடியாக ஐஸில் போட்டால் திசு உறைந்து கெடும். சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, அதில் விரலைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக மூடுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வையுங்கள். அதற்கும் முன்னால் ரத்தத்தை நிறுத்துங்கள்: சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். அப்படியும் நிற்காமல் பீறிட்டால் மட்டும் இறுக்குக் கட்டு போட்டு, போட்ட நேரத்தை எழுதி வையுங்கள்.

வெளிக்காயமே இல்லாமல் நசுங்கிய கையும் ஆபத்துதான். வலி கூடிக்கொண்டே போய், கை கல்லாக இறுகி, விரல் மரத்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மெட்டீரியல் இறங்கலன்னா ஹாப்பர் அடியில குத்தி விடலாமா? கிரைண்டர்லயும் இதே மாதிரி அடைக்குது.

ஸ்க்ரூ சுற்றும்போது கையோ கம்பியோ கூடாது. நிறுத்திப் பூட்டிய பிறகு மரக் கம்பியால் குத்துங்கள். ஹாப்பர் தொண்டையில் மெட்டீரியல் கட்டிப் போவதற்குப் பெரும்பாலும் அங்கே ஓட வேண்டிய குளிர்நீர் நின்றுபோனதுதான் காரணம். அதைச் சரிசெய்யாமல் குத்திக்கொண்டே இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை குத்த வேண்டியிருக்கும்.

கிரைண்டர் சுவிட்சை ஆஃப் செய்த பிறகும் ரோட்டர் சுற்றிக்கொண்டிருக்கும். முழுதாக நின்ற பிறகும் ஆபத்து போகாது: சிக்கிய ரன்னர் (பீஸோடு வரும் கழிவுத் தண்டு) ரோட்டரை முறுக்கி வைத்திருக்கும், அதை எடுத்ததும் ரோட்டர் கால் சுற்று பாயும், பிளேடு விரலில் இறங்க அதுவே போதும். பூட்டிய பிறகு ரோட்டரை மர ஆப்பால் தடுத்து நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மோல்டு மாத்தும்போது எதுல அதிகம் கோட்டை விடுறாங்க?

மோல்டின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் பட்டையை மாட்டாமல் கிரேனில் தூக்குவது. ஒரு பாதி மட்டும் வழுகி விழும். அடுத்தது கிளாம்ப் போல்ட். பிளாட்டனுக்குள் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது போல்ட் இறங்க வேண்டும். எம்16 போல்ட் (விட்டம் 16 மி.மீ.) என்றால் 24 மி.மீ. இறங்க வேண்டும். நீளம் போதாத போல்ட்டை வைத்துச் சமாளித்தால் மரை பிடுங்கும். மோல்டு ஹீட்டர் லைனைக் கழற்றும் முன் சூட்டையும் அழுத்தத்தையும் இறக்குங்கள். டிராப் பார் சரிசெய்வது பற்றி மேலேயே சொல்லியாயிற்று.

பெரிய மிஷின்ல ஆளே உள்ள போறாரு. வெளிய இருக்கிறவர் கதவை மூடிட்டா?

டை பார்களுக்கு (பிளாட்டன்களை இணைக்கும் தண்டுகள்) இடையே 1200 மி.மீ.க்கு மேல் இடைவெளி உள்ளவற்றைத் தரவிதிகள் பெரிய மிஷின் என்று தனியாகப் பிரிப்பது இதனால்தான். 2020-ல் வந்த ஐஎஸ்ஓ 20430 இவற்றுக்குக் கூடுதல் காவல்கள் கேட்கிறது. ஆள் உள்ளே இருந்தால் உணரும் மிதி மேடை அல்லது சென்சார், கதவு தானாக மூடாதபடி தடுக்கும் கொக்கி, உள்ளேயே எமர்ஜென்சி சுவிட்ச், உள்ளே யாரும் இல்லை என்று பார்த்து உறுதிசெய்த பிறகே ஓடவிடும் தனிப் பட்டன் ஆகியவை வேண்டும். இவை எல்லாம் இருந்தாலும், உள்ளே போகிறவர் தன் பூட்டைப் போட்டுவிட்டே போக வேண்டும்.

ரப்பர் பிரஸ்ல ரெண்டு கை பட்டன் இருக்கு. அதை எவ்வளவு தூரத்துல வைக்கணும்?

பட்டனை விட்ட கை மோல்டை எட்டுவதற்குள் பிரஸ் நின்றிருக்க வேண்டும். பிரஸ் நிற்க எடுக்கும் நேரத்தை நொடியில் அளந்து, 1600-ஆல் பெருக்கி, 250 கூட்டினால் மி.மீ.யில் தூரம் வரும். 0.3 நொடி என்றால் 480-உம் 250-உம் சேர்ந்து 730 மி.மீ. வால்வு தேய்ந்தால் நிற்கும் நேரம் கூடும், அதனால் அவ்வப்போது அளந்து பாருங்கள். இரண்டு பட்டனும் அரை நொடிக்குள் சேர்ந்து அழுத்தப்பட்டால்தான் பிரஸ் நகர வேண்டும். ஒரு பட்டனில் குச்சி செருகி வைத்தால் நகரக் கூடாது.

சுவிட்சைக் கட்டி வெச்சதே ஆப்பரேட்டர்தான். அப்ப தப்பு அவரோடதுதானே?

அப்படி எழுதி முடித்தால் அதே மிஷினில் அடுத்த கை போகும். அவர் ஏன் கட்டினார் என்று கேளுங்கள். ஒவ்வொரு ஷாட்டிலும் பீஸ் ஒட்டி, ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து மூடினால் டார்கெட் வராது என்ற நிலை இருந்திருக்கும். கட்டிய சுவிட்சை சூப்பர்வைசர் பார்த்திருப்பார், தயாரிப்பு நிற்கக் கூடாது என்று கடந்து போயிருப்பார்.

விபத்துக்குப் பிறகு மிஷினை ரீசெட் செய்யாமல், மோடு சுவிட்ச் நின்ற நிலை, அலாரம் பட்டியல், கதவு, டிராப் பார், செட்டிங் பக்கங்கள் எல்லாவற்றையும் படம் எடுங்கள். பிறகு பீஸ் ஒட்டியதன் காரணத்துக்குப் போங்கள்: ஹோல்டிங் பிரஷர் அதிகமா, கூலிங் நேரம் போதவில்லையா, மோல்டில் டிராஃப்ட் (பீஸ் கழன்றுவர விடும் சரிவு) குறைவா, பாலிஷ் போய்விட்டதா, எஜெக்டர் பின் வளைந்திருக்கிறதா. மூன்று காவலும் தனித்தனியாகச் சோதித்துத் தேறிய பிறகும், பீஸ் தானாக விழும்வரை அந்த மோல்டை மிஷினில் ஏற்றாதீர்கள்.